எச்.ஐ.வி.யோடு ஹெபடைட்டிஸ் பி-யும் இருந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏஆர்டி (எச்.ஐ.வி.யை அடக்கும் சிகிச்சை) மாத்திரை எடுப்பவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. இரண்டு கிருமியும் சேர்ந்து இருப்பவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பதில் தெரியாமல் மாத்திரையை நிறுத்தி, கண் மஞ்சளாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசிய விதத்திலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் பொதுவானவை. உங்கள் மருந்தை மாற்றும் முடிவை, உங்கள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் மருத்துவரோடு சேர்ந்துதான் எடுக்க வேண்டும்.

1. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. இப்போ ஹெபடைட்டிஸ் பி-யும் இருக்குன்னு சொல்றாங்க. இது எச்.ஐ.வி.யால வந்ததா?

இல்லை. இரண்டும் தனித்தனி வைரஸ்கள். எச்.ஐ.வி. நம் எதிர்ப்பு அணுக்களில் குடியேறுகிறது, ஹெபடைட்டிஸ் பி கல்லீரல் அணுக்களில் குடியேறுகிறது. ஒன்று மற்றொன்றாக மாறாது. ஆனால் பரவும் வழிகள் ஒன்றுதான்: ரத்தம், உடலுறவு, பகிர்ந்துகொண்ட ஊசி, தாயிடமிருந்து பிள்ளைக்கு. அதனால்தான் ஒன்று இருப்பவரிடம் மற்றதையும் சோதித்துப் பார்க்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 27 லட்சம் பேருக்கு, ஹெபடைட்டிஸ் பி-யும் இருக்கிறது. இந்தச் செய்தியைக் கேட்டதும் "எனக்கு மட்டும் ஏன்" என்று உடைந்துபோகிறவர்களிடம் முதலில் இந்த எண்ணைத்தான் சொல்வேன்.

2. எது முதல்ல வந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பிறக்கும்போதோ குழந்தைப் பருவத்திலோ ஹெபடைட்டிஸ் பி தொற்றினால் அது நிரந்தரமாகத் தங்கிவிடும் வாய்ப்பு அதிகம். கைக்குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேல். ஆரோக்கியமான பெரியவருக்குத் தொற்றினால், 100 பேரில் 5-க்கும் குறைவானவர்களுக்கே நிலைக்கிறது. மற்றவர்களின் உடல் தானாகவே அதை அடக்கிவிடுகிறது.

ஏற்கெனவே எச்.ஐ.வி. இருந்து, எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கும்போது ஹெபடைட்டிஸ் பி தொற்றினால், அது நிலைத்துவிடும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. எது முதலில் வந்திருந்தாலும் சிகிச்சை ஒன்றுதான். யாரிடமிருந்து வந்தது என்று தேடுவதால் குடும்பங்கள் உடைவதைத்தான் பார்க்கிறேன். உடம்புக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

3. ரிப்போர்ட்ல ஏகப்பட்ட எழுத்து இருக்கு. எதைப் பார்க்கணும்?

மூன்றைப் புரிந்துகொண்டால் போதும். எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்பது வைரஸின் மேலுறைப் புரதம். இது பாசிட்டிவ் என்றால் கிருமி இப்போது உடலில் இருக்கிறது. 6 மாதத்துக்கு மேலும் பாசிட்டிவாகவே இருந்தால் நாள்பட்ட தொற்று. ஆன்டி-எச்.பி.எஸ். என்பது பாதுகாப்புத் தரும் எதிர்ப்பொருள். தடுப்பூசி போட்டாலோ, நோய் வந்து குணமானாலோ இது தோன்றும். ஆன்டி-எச்.பி.சி. என்பது, கிருமி எப்போதாவது ஒருமுறை உடலுக்குள் வந்து போனதற்கான தடயம். தடுப்பூசியால் இது வராது.

எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் என்று தெரிந்தபின் பார்ப்பது வேறு: ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று காட்டும் ஹெபடைட்டிஸ் பி வைரல் லோடு, கல்லீரல் அணுக்கள் சிதைவதைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் எண்ணிக்கை, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும் ஃபைப்ரோஸ்கேன். ஒன்றைக் கவனியுங்கள்: எச்.ஐ.வி. வைரல் லோடும் ஹெபடைட்டிஸ் பி வைரல் லோடும் இரண்டு தனிச் சோதனைகள். ஒன்றில் "இல்லை" என்று வந்தால் மற்றதிலும் அப்படித்தான் என்று பொருளில்லை.

4. எனக்கு வலியே இல்ல, எஸ்.ஜி.பி.டி.யும் நார்மல். அப்புறம் எதுக்குக் கவலை?

கல்லீரலுக்குள் வலி உணரும் நரம்புகள் கிடையாது. பாதி பழுதான பிறகும் அது சத்தமில்லாமல் வேலை செய்யும். சோர்வு, வயிறு வீங்குதல், கால் வீக்கம் எல்லாம் தெரியத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும்.

எஸ்.ஜி.பி.டி. பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் கல்லீரல் அணுவை நேரடியாகக் கொல்வதில்லை. வைரஸ் புகுந்த அணுக்களை நம் எதிர்ப்பு சக்தி தாக்கும்போதுதான் அவை சிதைகின்றன, எஸ்.ஜி.பி.டி. ஏறுகிறது. எச்.ஐ.வி.யால் எதிர்ப்பு சக்தி குன்றியிருந்தால் அந்தத் தாக்குதலும் மந்தமாகிவிடும். அப்போது வைரஸ் ஏராளமாக இருந்தாலும் எஸ்.ஜி.பி.டி. நார்மலாகத் தெரியலாம், கல்லீரலில் தழும்பும் சேர்ந்துகொண்டே போகலாம். ஆகவே இரண்டு கிருமியும் இருப்பவர் அந்த ஒற்றை எண்ணை நம்பி நிம்மதியாக இருக்கக் கூடாது.

5. ரெண்டும் சேர்ந்தா உண்மையில என்ன ஆகும்? மறைக்காம சொல்லுங்க.

சிகிச்சை இல்லாவிட்டால், ஹெபடைட்டிஸ் பி மட்டும் இருப்பவரைவிட வேகமாகக் கல்லீரல் கெடும். எச்.ஐ.வி. இருக்கும்போது ஹெபடைட்டிஸ் பி வைரஸ் அதிகமாகப் பெருகுகிறது. உடல் தானாக அதை அடக்கும் வாய்ப்பு குறைகிறது. தழும்பு சிரோசிஸாக (கல்லீரல் முழுதும் தழும்பேறி இறுகிய நிலை) முற்றுவது விரைவாகிறது. கல்லீரல் புற்றுநோய் வரும் ஆபத்தும் கூடுகிறது. சி.டி.4 (எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) எவ்வளவு குறைவோ அவ்வளவு மோசம்.

இதை எண்களில் காட்டிய ஆய்வு ஒன்று 2002-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அமெரிக்காவில் 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் கல்லீரல் நோயால் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று கணக்கிட்டால், ஹெபடைட்டிஸ் பி மட்டும் இருந்தவர்களில் 0.8, எச்.ஐ.வி. மட்டும் இருந்தவர்களில் 1.7, இரண்டும் இருந்தவர்களில் 14.2. இரண்டு ஆபத்துகளையும் கூட்டினால் வரும் எண்ணைவிட இது பல மடங்கு அதிகம்.

இந்த எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்துவது நியாயமில்லை. அந்த ஆய்வுக் காலத்தின் பெரும்பகுதியில், ஹெபடைட்டிஸ் பி-யை நன்றாக அடக்கும் டெனோஃபோவிர் கிடையாது. 2001-இல்தான் அது எச்.ஐ.வி. சிகிச்சைக்கு அனுமதி பெற்றது. இன்று டெனோஃபோவிர் உள்ள மாத்திரையை ஒழுங்காக எடுப்பவருக்குப் பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் அடங்குகிறது, கல்லீரல் வீக்கம் தணிகிறது, ஓரளவு படிந்த தழும்புகூடக் குறைகிறது. 14.2 என்பது சிகிச்சை எட்டாத கல்லீரலின் கதை. உங்கள் கதை அப்படி ஆக வேண்டியதில்லை.

6. ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதால எச்.ஐ.வி. மருந்து வேலை செய்யாதா?

வேலை செய்யும். எச்.ஐ.வி. அடங்குவதையும் சி.டி.4 ஏறுவதையும் ஹெபடைட்டிஸ் பி பெரிதாகத் தடுப்பதில்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது: ஏற்கெனவே புண்பட்ட கல்லீரல் மருந்துகளின் நச்சைத் தாங்குவது குறைவு. நெவிரபின் போன்ற பழைய மருந்துகள் இத்தகையவர்களுக்குக் கூடுதல் தொல்லை கொடுத்தன. இன்று பரவலாகக் கொடுக்கப்படும் டோலுடெகிராவிரில் அந்த ஆபத்து குறைவு.

7. அப்போ ஹெபடைட்டிஸ் பி-க்குத் தனியா மாத்திரை சாப்பிடணுமா?

பெரும்பாலோருக்கு வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். டி.எல்.டி. என்று சொல்லப்படும் ஒற்றை மாத்திரையில் மூன்று மருந்துகள் உள்ளன: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர். மூன்றும் எச்.ஐ.வி.யைத் தாக்குகின்றன. முதல் இரண்டும் ஹெபடைட்டிஸ் பி-யையும் தாக்குகின்றன. தினம் ஒரு மாத்திரை எடுக்கும் பலருக்கு அது இரண்டு வேலை செய்கிறது என்பதே தெரியாது. தெரியாமலிருப்பதுதான் ஆபத்து. ஏனென்று 10, 12, 13-ஆம் கேள்விகளில் புரியும்.

லாமிவுடின் மட்டும் போதாதா என்றால், போதாது. 1990-களில் அதைத்தான் நம்பியிருந்தார்கள். இரண்டு கிருமியும் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு 2 ஆண்டுகளிலும், 4 ஆண்டுகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் அந்த மருந்துக்கு மசியாததாக மாறிவிட்டது. டெனோஃபோவிருக்கு அப்படி மாறுவது மிக அரிது. உங்கள் மாத்திரை அட்டையில் டெனோஃபோவிர் என்ற பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

8. எனக்குத் தெரிஞ்சவருக்கு ஹெபடைட்டிஸ் பி மட்டும் இருக்கு. அவருக்கு மருந்தே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. எனக்கு மட்டும் ஏன்?

ஹெபடைட்டிஸ் பி மட்டும் இருப்பவர்களில் சிலருக்கு வைரஸ் குறைவாகவும் கல்லீரல் அமைதியாகவும் இருக்கும். அவர்களை மருந்தில்லாமல் கண்காணித்தாலே போதும் என்று மருத்துவர்கள் முடிவு செய்வதுண்டு. எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்தால் அந்தக் காத்திருப்புக்கு இடமில்லை. சி.டி.4 எவ்வளவு இருந்தாலும், எஸ்.ஜி.பி.டி. நார்மலாக இருந்தாலும், இரண்டு கிருமியையும் அடக்கும் மருந்தைத் தொடங்க வேண்டும். காரணம் 4, 5-ஆம் பதில்களில் உள்ளது.

இதன் மறுபக்கமும் முக்கியம். ஹெபடைட்டிஸ் பி-க்கு மாத்திரை தொடங்கப் போகிறவர் யாராக இருந்தாலும் முதலில் எச்.ஐ.வி. சோதனை செய்துகொள்ள வேண்டும். எச்.ஐ.வி. இருப்பது தெரியாமல் டெனோஃபோவிரையோ, ஹெபடைட்டிஸ் பி-க்கான இன்னொரு மருந்தான என்டெகாவிரையோ தனியாகக் கொடுத்தால், அரைகுறை மருந்தில் எச்.ஐ.வி. பழகி, அந்த மருந்துக்கே மசியாததாகிவிடக்கூடும்.

9. மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மாசத்துல எஸ்.ஜி.பி.டி. எகிறிடுச்சு. மருந்து ஒத்துக்கலையா?

மூன்று சாத்தியங்கள் உண்டு. முதலாவது, எதிர்ப்பு சக்தி திரும்பி எழுவது. எச்.ஐ.வி. அடங்கியதும் எதிர்ப்பு அணுக்கள் பலம் பெற்று, இத்தனை நாள் கண்டுகொள்ளாமல் விட்ட ஹெபடைட்டிஸ் பி அணுக்கள் மீது பாய்கின்றன. பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள், சி.டி.4 மிகக் குறைவாக இருந்து தொடங்கியவர்களுக்கு இப்படி ஆகும். இரண்டாவது, மருந்தின் நச்சு. காசநோய் மருந்தும் சேர்ந்து ஓடினால் இந்தச் சந்தேகம் வலுக்கும். மூன்றாவது, ஹெபடைட்டிஸ் ஏ, சி, டி போன்ற இன்னொரு தொற்று.

எது என்று பிரித்தறிவது மருத்துவரின் வேலை. உங்கள் வேலை, மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் உடனே போய்க் காட்டுவது. முதலாவது காரணம் என்றால் பெரும்பாலும் மாத்திரையைத் தொடர்ந்தபடியே கண்காணிப்பார்கள், தானாகத் தணியும். ஆனால் கண் மஞ்சள், கறுத்த சிறுநீர், நிற்காத வாந்தி, குழப்பமான பேச்சு, ரத்தக் கசிவு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

10. எச்.ஐ.வி. வைரல் லோடு "இல்லை"ன்னு வந்துருச்சு. கொஞ்ச நாள் மாத்திரைக்கு ஓய்வு கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. எச்.ஐ.வி. மட்டும் இருப்பவருக்கே அது தவறு. உங்களுக்கு இரட்டைத் தவறு. டெனோஃபோவிர் நின்றதும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ திடீரெனப் பெருகும். அதற்குள் உங்கள் எதிர்ப்பு சக்தி பலம் பெற்றிருப்பதால் கல்லீரலை மூர்க்கமாகத் தாக்கும். சிரோசிஸ் இருப்பவருக்குக் கல்லீரல் செயலிழப்பு வரை போகலாம். இந்த மருந்துகளின் பெட்டியோடு வரும் தாளிலேயே இந்த எச்சரிக்கை கொட்டை எழுத்தில் இருக்கும்.

ஒரு நாள் மறந்துவிட்டால் பதற வேண்டாம், நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். பயணம், வேலை, வீட்டில் யாரும் பார்த்துவிடுவார்கள் என்ற அச்சம், இவைதான் வாரக்கணக்கில் விடுவதற்குக் காரணங்களாக என்னிடம் வருகின்றன. எந்தக் காரணமானாலும் மாத்திரை தீரும் முன்பே சொல்லுங்கள், வழி கண்டுபிடிக்கலாம். ஏற்கெனவே விட்டிருந்தால் மறைக்காதீர்கள். திட்டு விழும் என்று பயந்து மறைத்தால், ஏறியிருக்கும் எஸ்.ஜி.பி.டி.க்கு மருத்துவர் வேறு காரணம் தேடிக்கொண்டிருப்பார்.

11. கிரியேட்டினின் ஏறியிருக்கு, டெனோஃபோவிரை நிறுத்தணும்னு சொல்றாங்க. இப்போ கல்லீரல் என்ன ஆகும்?

கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு, அது ரத்தத்தில் ஏறினால் சிறுநீரகத்தைச் சந்தேகிப்பார்கள். டெனோஃபோவிரின் பழைய வடிவமான டி.டி.எஃப். சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கும். ஆகவே அந்த அக்கறை சரியானதே. ஆனால் ஒரு விஷயம்: டோலுடெகிராவிர் சிறுநீரகத்தைக் கெடுக்காமலேயே, கிரியேட்டினின் வெளியேறும் வழியை மட்டும் சற்று அடைத்து, முதல் சில வாரங்களில் எண்ணைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். உண்மையான பாதிப்பா, எண்ணில் மட்டும் தெரியும் ஏற்றமா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பார்கள்.

உண்மையான பாதிப்பு என்றால் வழிகள் உண்டு. டி.ஏ.எஃப். என்ற புதிய வடிவம் ரத்தத்தில் குறைவாகத் தங்கி, சிறுநீரகத்தை அவ்வளவு தொந்தரவு செய்யாமல் ஹெபடைட்டிஸ் பி-யை அடக்குகிறது. டி.டி.எஃப்.பையே நாள் இடைவெளி விட்டுக் கொடுப்பதும் உண்டு. இரண்டும் முடியாவிட்டால் என்டெகாவிர் சேர்ப்பார்கள், அதை எச்.ஐ.வி.யை முழுதாக அடக்கும் மற்ற மருந்துகளோடுதான் கொடுக்க வேண்டும். லாமிவுடினுக்கு வைரஸ் ஏற்கெனவே மசியாமல் போயிருந்தால் என்டெகாவிரும் பலவீனப்படும். "நிறுத்துகிறோம்" என்று சொன்னால், "அதற்குப் பதில் ஹெபடைட்டிஸ் பி-க்கு என்ன?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

12. ரெண்டு மருந்து மட்டும் இருக்கிற மாத்திரையும், ரெண்டு மாசத்துக்கு ஒரு ஊசியும் வந்திருக்காமே. மாறலாமா?

தினமும் மாத்திரை எடுத்து அலுத்தவருக்கு இது பெரிய ஆசை, எனக்குப் புரிகிறது. ஆனால் டோலுடெகிராவிர், லாமிவுடின் சேர்ந்த இரு மருந்து மாத்திரையில் டெனோஃபோவிர் இல்லை. ஹெபடைட்டிஸ் பி-யைப் பொறுத்தவரை அது லாமிவுடினை மட்டும் எடுப்பதற்குச் சமம். அதன் விளைவை 7-ஆம் பதிலில் பார்த்தோம். கபோடெகிராவிர், ரில்பிவிரின் ஊசியில் ஹெபடைட்டிஸ் பி-க்கு எதுவுமே இல்லை. இதற்கு மாறினால் 10-ஆம் பதிலில் சொன்னதுபோல மருந்தை நிறுத்தியதாகவே ஆகும்.

எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவாக இருப்பவருக்கு இவை பொருந்தாது. வேறு காரணத்துக்காக மாறியே தீர வேண்டுமென்றால், டெனோஃபோவிரோ என்டெகாவிரோ தனியே தொடர வேண்டும்.

13. எச்.ஐ.வி. மருந்து ஃபெயில் ஆயிடுச்சு, இரண்டாம் கட்ட மருந்துக்கு மாத்தறாங்க. பழையதை எல்லாம் விட்டுடலாமா?

பலர் சறுக்கும் இடம் இது. எச்.ஐ.வி. டெனோஃபோவிருக்கு மசியாமல் போயிருக்கலாம். அதே உடலிலுள்ள ஹெபடைட்டிஸ் பி அதே மருந்துக்கு இன்னும் அடங்கிக்கிடக்கும். எச்.ஐ.வி.யை மட்டும் மனதில் வைத்து டெனோஃபோவிரை எடுத்துவிட்டால் ஹெபடைட்டிஸ் பி கட்டவிழ்ந்துவிடும். எனவே எச்.ஐ.வி.க்குப் புதிய மருந்துகளைக் கொடுக்கும்போதும், டெனோஃபோவிரை ஹெபடைட்டிஸ் பி-க்காகத் தொடர்வதே முறை. புதிய சீட்டை வாங்கும்போதே அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

14. ஹெபடைட்டிஸ் பி முழுசா குணமாகுமா?

இன்றைய மாத்திரைகள் அதை அடக்குகின்றன, வேரோடு பிடுங்குவதில்லை. வைரஸின் மரபுப் பொருள், கல்லீரல் அணுவின் கருவுக்குள் ஒரு மூடிய வளையமாகச் சுருண்டு தங்கிவிடுகிறது. மாத்திரைகளால் அந்த வளையத்தைத் தொட முடிவதில்லை. அதிலிருந்து புதிய வைரஸ்கள் உருவாவதைத்தான் தடுக்கின்றன. மாத்திரை தொடர வேண்டியதன் காரணமும் அதுதான்.

ஆனாலும் சிலருக்கு, ஆண்டுகள் போனபின் எச்.பி.எஸ்.ஏ.ஜி. நெகட்டிவாகிறது. செயல்முறைக் குணம் என்று இதைச் சொல்கிறார்கள். ஏஆர்டி தொடங்கிச் சி.டி.4 நன்றாக மீளும் எச்.ஐ.வி. நோயாளிகளிடம் இது கூடுதலாகவே நிகழ்வதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்படி ஆனாலும் எச்.ஐ.வி.க்காக மாத்திரை தொடரத்தான் வேண்டும்.

15. எச்.ஐ.வி. எப்பவோ அடங்கிருச்சு. ஹெபடைட்டிஸ் பி வைரல் லோடு மட்டும் ஒரு வருஷமா கொஞ்சம் கொஞ்சம் வந்துட்டே இருக்கே?

தொடக்கத்தில் வைரஸ் மிக அதிகமாக இருந்திருந்தால் அடங்க ஓராண்டுக்கு மேல், சிலருக்கு இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். எண் இறங்கிக்கொண்டே இருக்கிறதா என்பதுதான் முக்கியம். இறங்கினால் பொறுமையாக இருக்கலாம். இறங்கியது திரும்ப ஏறினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மாத்திரை தவறியதைத்தான். டெனோஃபோவிருக்கு மசியாமை மிக அரிது என்று மேலே சொன்னேன்.

16. மாத்திரை ஒழுங்கா எடுக்கறேன், வைரஸ் இல்லை. அப்புறமும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எதுக்கு?

புற்றுநோயைச் சீக்கிரம் பிடிப்பதற்கு. மற்றப் பல கல்லீரல் நோய்களில் சிரோசிஸ் வந்த பிறகே புற்றுநோய் தலைகாட்டும். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் தன் மரபுப் பொருளை நம் அணுவின் மரபுப் பொருளுக்குள் செருகிவிடுவதால், சிரோசிஸ் இல்லாமலும் புற்றுநோய் வரலாம். வைரஸ் பல ஆண்டுகள் அடங்கியிருந்தால் ஆபத்து குறைகிறது, ஆனால் பூஜ்யமாவதில்லை. சிரோசிஸ் உள்ள எல்லோருக்கும், அது இல்லாவிட்டாலும் வயது, குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் வரலாறு போன்றவற்றால் ஆபத்து கூடியவர்களுக்கும், 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டு எடுப்பது நடைமுறை. கூடவே ஏ.எஃப்.பி. என்ற ரத்தச் சோதனையும் செய்வதுண்டு. சிறியதாக இருக்கும்போது கண்டால் அகற்ற முடியும்.

17. குடி, மூலிகை, வலி மாத்திரை... எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது?

மதுவை விட்டுவிடுங்கள். இதில் பாதுகாப்பான அளவு என்று உங்களிடம் எதையும் சொல்ல மாட்டேன். கல்லீரலுக்கு நல்லது என்று விற்கப்படும் மூலிகைப் பொடிகளிலும் கஷாயங்களிலும் என்ன கலந்திருக்கிறது என்று பெரும்பாலும் தெரியாது. சில கல்லீரலையே எரிக்கும். எடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். பாராசிட்டமால் அளவோடு எடுக்கலாம். சிரோசிஸ் இருந்தால் ஒரு நாளைக்கு 2 கிராமைத் தாண்டக் கூடாது.

காசநோய்க்கான ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே கல்லீரலைச் சோதிக்கும். அதற்காகக் காசநோய் மருந்தைத் தள்ளிப்போட முடியாது, அடிக்கடி எஸ்.ஜி.பி.டி. பார்த்துக்கொண்டே எடுக்க வேண்டும். ரிஃபாம்பிசின் டி.ஏ.எஃப்.பின் அளவைக் குறைத்துவிடும் என்பதால், டி.ஏ.எஃப். எடுப்பவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

18. வைரல் லோடு இல்லைன்னா பரவாதுன்னு சொன்னீங்களே. ஹெபடைட்டிஸ் பி-க்கும் அது பொருந்துமா?

அந்த வாக்குறுதி எச்.ஐ.வி.க்கு மட்டுமே. எச்.ஐ.வி. அடங்கிய நிலையில் உடலுறவால் அது பரவாது என்பது உறுதிப்பட்ட உண்மை. ஹெபடைட்டிஸ் பி-க்கு அந்த அளவு உறுதி கிடையாது. ஆனால் இதற்கு ஒரு வரம் இருக்கிறது, எச்.ஐ.வி.க்கு இல்லாதது: தடுப்பூசி. துணையும் வீட்டில் இருப்பவர்களும் சோதித்துக்கொண்டு, தொற்று இல்லாவிட்டால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். துணைக்குப் பாதுகாப்பு வந்துவிட்டதென்று தெரியும்வரை ஆணுறை பயன்படுத்துங்கள்.

ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூடக் குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். ரேசர், பல் தேய்க்கும் பிரஷ், நகவெட்டி ஆகியவற்றைப் பகிராதீர்கள். ஒன்றாகச் சாப்பிடுவதால், கட்டியணைப்பதால், ஒரே படுக்கையில் தூங்குவதால் பரவாது. பிள்ளையைத் தூக்கப் பயந்து தள்ளி உட்காரும் தகப்பன்மாரைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது. தூக்குங்கள்.

19. நான் கர்ப்பமா இருக்கேன். குழந்தைக்கு ரெண்டும் போயிடுமா?

இரண்டையும் தடுக்க முடியும். டெனோஃபோவிர் கர்ப்ப காலத்தில் எடுக்கக்கூடிய மருந்து. தாயின் இரண்டு வைரஸ்களையும் அதே மாத்திரை குறைக்கிறது. குழந்தை பிறந்து 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ் பி முதல் தடுப்பூசி போட வேண்டும், முடிந்தவரை விரைவாக. கிடைக்குமானால் எச்.பி.ஐ.ஜி. என்ற எதிர்ப்பொருள் ஊசியையும் கூடவே போடுவார்கள். மீதித் தவணைகளை விடாமல் முடித்து, 9 முதல் 12 மாதத்தில் குழந்தைக்கு ரத்தச் சோதனை செய்ய வேண்டும். எச்.ஐ.வி.க்கான மருந்தும் சோதனைகளும் குழந்தைக்குத் தனியே நடக்கும்.

ஊசி போட்ட குழந்தைக்கு ஹெபடைட்டிஸ் பி காரணமாகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. பால் கொடுப்பது பற்றிய முடிவு எச்.ஐ.வி.யைப் பொறுத்தது. பிரசவத்துக்கு முன்பே அதைப் பேசி வையுங்கள். பிரசவம் முடிந்ததும் மாத்திரையை விடுகிறவர்கள் உண்டு, 10-ஆம் பதிலை அவர்களுக்காகவும்தான் எழுதினேன்.

20. எனக்கு எச்.ஐ.வி. மட்டும்தான். ஊசி போட்டும் எதிர்ப்பு வரலைன்னாங்க. அப்போ ஊசி வீணா?

வீணில்லை. எச்.ஐ.வி. இருப்பவர்களுக்கு வழக்கமான ஊசி சற்றுக் குறைவாகவே பிடிக்கும், சி.டி.4 குறைந்திருந்தால் இன்னும் குறைவு. அதனால் கடைசி ஊசிக்கு 1 அல்லது 2 மாதம் கழித்து ஆன்டி-எச்.பி.எஸ். பார்க்க வேண்டும். 10 அலகுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு வந்ததாகக் கொள்வார்கள். வராவிட்டால் இரட்டை அளவில் மறுபடி முழுத் தொடர் போடலாம்.

ஹெப்லிசாவ்-பி என்ற புதிய தடுப்பூசி இதில் பெரிய முன்னேற்றம். முந்தைய ஊசிக்கு எதிர்ப்பு வராத எச்.ஐ.வி. நோயாளிகளிடம் சோதித்து 2024-இல் வெளியான ஆய்வில், 3 தவணை போட்டவர்களில் 99 சதவீதம் பேருக்கும், 2 தவணையில் 93 சதவீதம் பேருக்கும் பாதுகாப்பு வந்தது. பழைய வகை ஊசியை மறுபடி போட்டவர்களில் அது 81 சதவீதம்.

21. எனக்கு ஆன்டி-எச்.பி.சி. மட்டும் பாசிட்டிவ், மத்தது எல்லாம் நெகட்டிவ். இருக்கா இல்லையா?

எச்.ஐ.வி. இருப்பவர்களிடம் இந்தக் குழப்பமான ரிப்போர்ட் அடிக்கடி வருகிறது. பெரும்பாலும், எப்போதோ தொற்று வந்து போய், பாதுகாப்பு எதிர்ப்பொருள் காலப்போக்கில் தேய்ந்திருக்கும். சிலரிடம், மேலுறைப் புரதம் தெரியாமல் வைரஸ் மட்டும் மிகக் குறைந்த அளவில் மறைந்திருக்கும். வழக்கமாக ஒரு தடுப்பூசி போட்டு, ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்பொருளைப் பார்ப்பார்கள். 100-க்கு மேல் தாவினால் உடல் பழைய தொற்றை நினைவில் வைத்திருக்கிறது என்று பொருள். இல்லாவிட்டால் தொடரை முடிப்பார்கள்.

மூன்று தருணங்களில் இந்த ரிப்போர்ட்டை எடுத்துக்காட்ட மறக்காதீர்கள்: 12-ஆம் பதிலில் சொன்ன ஊசிக்கோ இரு மருந்து மாத்திரைக்கோ மாறும்போது, புற்றுநோய் மருந்தோ ரிட்டுக்ஸிமாப் போன்ற எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தோ தொடங்கும்போது, ஹெபடைட்டிஸ் சி-க்கு மாத்திரை தொடங்கும்போது. இந்த மூன்றிலும் உறங்கிக்கிடக்கும் ஹெபடைட்டிஸ் பி எழக்கூடும்.

22. எனக்கு ஏற்கெனவே சிரோசிஸ். எச்.ஐ.வி. இருக்கிறதால கல்லீரல் மாற்று கிடையாதுன்னு ஒருத்தர் சொன்னார். உண்மையா?

ஒரு காலத்தில் உண்மை, இப்போது இல்லை. எச்.ஐ.வி. மாத்திரையால் அடங்கியிருந்தால் கல்லீரல் மாற்று அறுவை செய்கிறார்கள். ஹெபடைட்டிஸ் பி-யால் கல்லீரல் கெட்ட எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு அதன் பலன்களும் நன்றாக இருந்திருக்கின்றன. புதிய கல்லீரலில் வைரஸ் திரும்ப ஏறாதபடி டெனோஃபோவிரும், தேவைப்பட்டால் எச்.பி.ஐ.ஜி.யும் கொடுப்பார்கள்.

எல்லா சிரோசிஸும் அந்த நிலைக்குப் போவதில்லை. வயிற்றில் நீர், ரத்த வாந்தி, குழப்பம் எதுவும் வராத நிலையில் வைரஸை அடக்கினால், பலர் ஆண்டுக்கணக்கில் அதே நிலையிலேயே இருக்கிறார்கள். மாற்று அறுவை பற்றிய பேச்சை நிலைமை முற்றியபின் தொடங்காமல் இப்போதே கேளுங்கள். உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்திருக்கிறதா என்று எண்டோஸ்கோபி பார்க்க வேண்டுமா என்பதையும், 16-ஆம் பதிலில் சொன்ன ஸ்கேனுக்கு அடுத்த தேதி எது என்பதையும் அதே நாளில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.